மணல் சலிக்கும் மீனுக்குக் கூலி பட்டினியா?

கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களிடம் விற்கப்படும் பெரிய பொய் ஒன்று உண்டு. "இந்த மீனை வாங்கிப் போடுங்க, மணலை அதுவே சுத்தம் செஞ்சிடும்!"

வேலன்சியென்னியா என்ற கோபி மீன்களைத்தான் சொல்கிறார்கள். ஒரு சாணுக்குள் அடங்கும் மீன். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பவளப்பாறை ஓரங்களில் வாய் நிறைய மணலை அள்ளும். அதில் ஒளிந்திருக்கும் குட்டிப் புழுக்களையும் பொடி ஓட்டுயிர்களையும் பிரித்து விழுங்கிவிட்டு, மணலைச் செவுள் வழியே வெளியே விடும். அது துப்புரவு வேலை அல்ல ஐயா, சாப்பாடு!

சின்னத் தொட்டி மணலில் அந்தத் தீனி எத்தனை நாள் வரும்? தீர்ந்த பிறகும் மீன் சலித்துக்கொண்டே இருக்கும். மேலே தூவும் தீனி பல நேரம் அதற்குப் போதாது. மெலிந்து மெலிந்து சாகும். உடனே இன்னொன்று வாங்குவார்கள். வணிகவியலில் இதற்குப் பெயர் தேய்மானம். உயிருக்குமா தேய்மானம்?

வெளிச்சத்தை ரசித்துவிட்டு, மருந்து அடைத்த கையை மறக்கிறார்களே என்று சிவகாசிக்காரர்களுக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு. நியாயமான கோபம். அதே சிவகாசியிலோ விருதுநகரிலோ வரவேற்பறைக்கு இந்த மீனை வாங்குபவர் அதையேதானே செய்கிறார்? உழைப்பு தெரிகிறது, பசி தெரியவில்லை.

மணல் அழுக்கானால் தொட்டிக்காரர் கையை நனைக்கட்டும். மீன் கடலிலேயே சாப்பிடட்டும்.