நோயாளிக்கு வாங்கிப்போகும் டப்பா

புற்றுநோய் வந்த வீட்டுக்கு விசாரிக்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி வாங்கிப் போவார்கள். இப்போது ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா. “இரத்தத்துல அது குறைஞ்சுடுமாம் சார்” என்று விளக்கம் வேறு. ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் நாலு டப்பா பார்த்தேன். எல்லாம் நல்ல மனசோடு கொடுத்தவை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

குறைகிறது என்பது முழுப் பொய் இல்லை. உடம்பு பிராண வாயுவைப் பயன்படுத்தும்போது சூப்பராக்ஸைடு என்ற உபத்திரவமான பொருள் உண்டாகிறது. அதை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும் என்ஸைமை அமெரிக்காவில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் அடையாளம் காட்டினார்கள். அந்தப் பெராக்ஸைடைத் தண்ணீராக்குவது கேட்டலேஸ், குளுட்டதயோன் பெராக்ஸிடேஸ் என்ற வேறு இரண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குப் பெராக்ஸைடு என்றால் ‘ஓ ஒக்ஸிஜெனே’. 1818-ல் கண்டுபிடித்தவர் தெனார் என்ற பிரெஞ்சுக்காரர். முழங்கால் சிராய்ப்பில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, பொங்கவைப்பது நம் இரத்தத்தில் உள்ள கேட்டலேஸ்தான்.

புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் இந்த என்ஸைம்கள் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கூடியிருப்பதாகச் சொல்பவையும் உண்டு. எந்த உறுப்பில் புற்று, எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. சரி, குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா? டப்பாவில் அதற்குப் பதில் இல்லை.

இன்னொன்று. இந்த என்ஸைம்கள் புரதம். உடம்பே தயாரித்துக்கொள்ளும் சரக்கு. மாத்திரையாக விழுங்கினால் பெரும்பாலும் பருப்பு செரிப்பதுபோல் வயிற்றில் செரித்துவிடும். அதற்குப் பதில் வைட்டமின் கொடுக்கலாமே என்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் இதேபோன்ற சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். இவர்கள் நோயாளிகள் அல்ல, நோய் வராமல் இருக்கச் சாப்பிட்டவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோயாளி விஷயத்தில் வேறு கவலை. கதிர்வீச்சு சிகிச்சையும் சில கீமோ மருந்துகளும் புற்றணுவைக் கொல்வதில் இதே உபத்திரவப் பொருட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நேரத்தில் அதிக அளவில் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் நல்ல அணுவோடு புற்றணுவுக்கும் குடை பிடித்ததாக ஆகலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். சாப்பாட்டில் வரும் நெல்லிக்காய், கீரையைப் பற்றிய பேச்சல்ல இது. மாத்திரையில் இருப்பது பல மடங்கு.

ஆனால் டாக்டர் “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் நம் ஆட்கள் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். வைட்டமினை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டப்பா ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஃபைலோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேஜைமேல் வையுங்கள்.