தோலுக்கு விலை உண்டு, மாட்டுக்கு இல்லையா?

 

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. 1903-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்றார்கள். அந்த ராத்திரி எங்கள் ஊர்க் கரையோரப் பட்டியிலிருந்து ஏழு ஆடுகளை ஆறு அடித்துக்கொண்டு போனது. மனு எழுதிக் கொடுத்தவன் நான். "செத்த ஆடு எங்கே? பிரேதப் பரிசோதனைச் சான்று எங்கே?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. வெள்ளம் கொண்டுபோன ஆட்டை எந்த மடுவில் போய்த் தேடுவது ஐயா? இறங்கித் தேடியிருந்தா ஆளுக்கும் சேர்த்தில்ல சான்று வாங்கியிருக்கணும்!

அப்போதைய பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு ரூ.30,000, ஆட்டுக்கு ரூ.3,000. 2023 மிக்ஜாம் புயலின்போது இதை ரூ.37,500, ரூ.4,000 என்று உயர்த்தினார்கள். 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் அதே தொகைதான். கோழிக்கு நூறு ரூபாய். உயர்த்தியதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 37,500-ஐ மடியில் கட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போய், வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கிற மாட்டைக் கேட்டுப் பாருங்கள். தரகன் கயிற்றைத் தொட விடமாட்டான். "இது நிவாரணம்தான், இழப்பீடு இல்லை" என்று விளக்கம் வேறு சொல்கிறார்கள். மாட்டுக் கடன் தவணைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

வெள்ளத்தில் போனால் இந்தக் கதி. தோல் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்து, சினை கலைந்து, மெலிந்து செத்தால்? ஒரு பைசா கிடையாது. மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி இருக்கிறது, பனிச்சரிவுகூட இருக்கிறது! ஆம்பூரில் என்றைக்கய்யா பனிச்சரிவு வந்தது? நம்ம ஊருக்கு வந்த பேரிடர் பாலாற்றில் கலந்த கழிவுதான். 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 2001-இல் 29,193 பேருக்கு இழப்பீடு என்று ஆணையம் உத்தரவிட்டது. பாக்கியை அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது 2025 ஜனவரி 30-இல்! இடையில் செத்தது மாடு மட்டுமா, மனு போட்டவர்களும்தான்.

வழி இல்லை என்று சொல்லாதீர்கள். மாநிலப் பேரிடர் நிதியில் பத்து சதவீதம் வரை, மாநிலமே அறிவிக்கும் பேரிடருக்குச் செலவழிக்கலாம். 2024-இல் வெப்ப அலையைத் தமிழக அரசு அப்படித்தான் அறிவித்தது. வெயிலுக்கு முடிந்தது விஷத் தண்ணீருக்கு முடியாதா? கழிவுநீரால் சாகும் கால்நடையையும் அந்தப் பட்டியலில் சேர்! சந்தை விலையை வைத்துத் தொகை கொடு! அடித்துச் செல்லப்பட்ட கால்நடைக்கு அக்கம்பக்கத்தார் சாட்சியத்தை ஏற்றுக்கொள்!

மனு கொடுக்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எல்லோரும் வரணும். வரும்போது மாட்டின் காதுவில்லையில் உள்ள பன்னிரண்டு இலக்க எண், ரேஷன் கார்டு நகல், செத்த மாட்டின் போட்டோ இருந்தால் அதையும் கொண்டு வாங்க. இனி எந்த வீட்டில் மாடு விழுந்தாலும் கால்நடை மருத்துவரும் வி.ஏ.ஓ.வும் பார்க்கிறதுக்கு முன்னாடி புதைக்காதீங்க.

இப்படிக்கு,
செயலாளர், விவசாயிகள் சங்கம்