குருவாக்கப்பட இருப்பவர்

சாய்ந்தமருதில் மத்ரஸாவுக்குப் போன பிள்ளையைப் பற்றி "ஓதப் போயிருக்கிறார்" என்று சொல்வார்கள். ஓதி முடித்துப் பட்டம் பெற்ற பிறகே அவர் மௌலவி. பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து பிரமசாரியானபோது பிரபோத சைதன்யர் என்று அழைக்கப்பட்டார். 1924இல் துறவு பெற்ற பின்னரே அவர் சுவாமி விபுலானந்தர் ஆனார். வழியில் நிற்பவருக்கு ஒரு பெயர், போய்ச் சேர்ந்தவருக்கு இன்னொரு பெயர் என்பது இந்தக் கரையோரம் நன்கு அறிந்த வழக்கம்.

ஆனால் நமது கத்தோலிக்கக் குடும்பங்களில், மகன் குருமடத்துக்குப் பெட்டி கட்டிய நாளிலேயே "எங்கட சுவாமி" என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். அன்பினால்தான் அழைக்கிறோம். ஆயினும் அந்தச் சொல் பையனின் தோளில் வைக்கும் பாரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருச்சபை இவ்விடயத்தில் நிதானமாகவே பேசுகிறது. குருவாக இருப்பவரை இலத்தீனில் 'ஓர்தினாந்துஸ்' என்பர். 'திருநிலைப்படுத்தப்பட வேண்டியவர்' என்பது அதன் பொருள். இது செயப்பாட்டுச் சொல். 'இடம்பெயர்ந்தோர்' என்பதற்கும் 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. முதற்சொல் நாமாகவே எழுந்து போனதுபோல் ஒலிக்கிறது. இரண்டாவது நடந்ததைச் சொல்கிறது. அதுபோல, 'குருப்பட்டம் பெறுபவர்' என்றால் பல்கலைக்கழகப் பட்டம்போல் உழைத்துச் சம்பாதித்த ஒன்றாகத் தோன்றுகிறது. உண்மையில் எவரும் தம்மைத் தாமே குருவாக்கிக் கொள்வதில்லை. திருச்சபை அழைக்கிறது, சோதித்தறிகிறது, ஆயர் கைகளை விரிக்கிறார்.

குருமடத்தைக் குறிக்கும் 'செமினாரியும்' என்ற இலத்தீன் சொல்லுக்கு நாற்றுமேடை என்பதே நேர்ப்பொருள். திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்கப் பணித்தபோது இச்சொல்லையே கையாண்டது. விவசாயிகளுக்கு இதைவிடத் தெளிவான உவமை வேண்டியதில்லை. நாற்று வேறு, கதிர் வேறு. நாற்றுமேடையைப் பார்த்து எவரும் விளைச்சலைக் கணக்கிட்டுக் கடன் வாங்குவதில்லை.

ஆனால் காணியையும் வீட்டையும் இழந்த குடும்பத்துக்கு மகனின் குருத்துவமே இழந்த மதிப்பை மீட்டுத்தரும் வழியாகத் தோன்றலாம். முதற் பூசைக்குப் பந்தல் போடவும் விருந்து வைக்கவும் கடன்படுவோரும் உண்டு. இடையில் அவன் திரும்பி வந்தால், "குருமடத்தால் வந்தவன்" என்ற பெயர் அவனை விடாது. அந்தப் பேச்சுக்கு அஞ்சி, மனமில்லாமலே குருவாகிறவன் தனக்கும் பயனில்லை, பங்குக்கும் பயனில்லை.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இதனை உணர்ந்தே விதித்திருக்கிறது. குருவாக 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தியாக்கோன் நிலைக்கும் குருநிலைக்கும் இடையில் குறைந்தது ஆறு மாதம் கழிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் முழுச் சுதந்திரத்துடன் முன்வர வேண்டும். அவரை வற்புறுத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை. பெற்றோரின் கண்ணீரும் ஊராரின் எதிர்பார்ப்பும் வற்புறுத்தலாக மாறக்கூடும்.

திருநிலைப்பாட்டுச் சடங்கில், இவர் தகுதியானவர்தானா என்று ஆயர் கேட்கிறார். கிறிஸ்தவ மக்களிடம் விசாரித்தே தகுதி கண்டதாக மறுமொழி கூறப்படுகிறது. அம்மக்கள் நாம்தான். பத்து ஆண்டுகளாகச் "சுவாமி" என்று அழைத்தவரைப் பற்றி நம்மில் யார் உண்மையைச் சொல்வார்?

எனவே அவரைக் குருமாணவர் என்றே அழைப்போம். தியாக்கோன் ஆனால் தியாக்கோன் என்போம். ஊரில் கேட்டால், "குருவாக்கப்பட இருப்பவர், அவருக்காகச் செபியுங்கள்" என்போம். அவர் திரும்பி வந்தாலும் வாசலில் நின்று வரவேற்போம். தன் அழைப்பு வேறு என்று கண்டறிந்து வந்த பிள்ளை தோற்றுப்போன பிள்ளை அல்ல.