24 தீப்பெட்டிகள்

எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் பெட்டிகளுக்கு மேட்டூர் அணைக்கட்டு முனியப்பன் சாமிதான் சப்ளையர். டீக்கடைகளில் லைட்டர் வந்துவிட்டது, வீட்டு அடுப்புக்கும் அதுவேதான். காலித் தீப்பெட்டி வேண்டுமென்றால் கற்பூரம் ஏற்றுகிற இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டுக் கூட்டம் கலைந்ததும் கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்தால் மஞ்சப்பை பாதி நிறைந்துவிடும். "எதுக்குங்கம்மா இதெல்லாம் பொறுக்கறீங்க?" என்று பூக்கார அம்மா கேட்டார். ஏசு சாமி பண்டிகைக்கு என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நனைஞ்சத எடுக்காதீங்க, ஊறிப்போயிருக்கும்" என்று இரண்டு நல்ல பெட்டிகளைத் தன் கூடைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மகளைக் கொடுத்த இடம் கத்தோலிக்கக் குடும்பம். பேத்தி நாலாம் வகுப்பு படிக்கிறாள். டிசம்பர் 1 முதல் 24 வரை தினம் ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வது அவளுக்குப் பழகிவிட்டது. அட்வென்ட் காலண்டர் என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலம் சில ஆண்டு நவம்பர் 27லேயே தொடங்கிவிடும், சில ஆண்டு டிசம்பர் 3 வரை இழுக்கும். காலண்டர் போடுகிறவர்கள் அந்தக் கணக்குக்குள் போகாமல் டிசம்பர் 1 என்று வைத்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக் கதவில் சாக்பீஸால் 24 கோடு கிழித்து, தினம் ஒன்றைப் பிள்ளைகளை அழிக்கச் சொல்வார்களாம். கெர்ஹார்ட் லாங் என்ற பையனுக்கு அவன் அம்மா ஓர் அட்டையில் 24 சின்னத் தின்பண்டங்களைக் கோத்துக் கொடுத்தாராம். அந்தப் பையன் பெரியவனாகி, மியூனிக்கில் அச்சுத் தொழில் செய்தபோது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையே காலண்டராக அச்சடித்து விற்றார். ஆக, முதலில் வந்தது வீட்டுச் சரக்கு. கடைச் சரக்கு அதற்குப் பிறகுதான். இப்போது ஆன்லைனில் வருகிற அட்டைக் காலண்டர்களில் 24 கதவுக்குப் பின்னாலும் ஒரே சாக்லேட். இரண்டாம் நாளே குழந்தைக்கு எல்லாம் தெரிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் தின்பதற்குத்தான்.

செய்வது சுலபம். பெட்டிகளை ஆறு ஆறாக நான்கு வரிசை அடுக்கி ஃபெவிகால் போட்டு ஒட்ட வேண்டியதுதான். அதற்கு முன் ஒன்று கவனிக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிற பட்டை இருக்கிறதல்லவா, அதில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. தின்பண்டம் வைக்கிற இடம் என்பதால் அந்தப் பட்டை முழுதும் மறைகிற மாதிரி சார்ட் பேப்பர் சுற்றிவிடுங்கள். உள்பெட்டியை இழுக்க ஒரு சட்டைப் பட்டனைத் தைத்தால் போதும்.

பலர் 24 பெட்டியையும் ஒரே நாளில் நிரப்பிவிடுகிறார்கள். எறும்புக்குத்தான் அது பண்டிகை. நான் முதல் நாள் ராத்திரி, பேத்தி தூங்கிய பிறகு மறுநாள் பெட்டியை மட்டும் நிரப்பச் சொல்வேன். காய்ச்சலோ இருமலோ வந்தால் மிட்டாயை மாற்றிக்கொள்ளலாம். "அம்மாயி, நாளைக்கு உள்ளத இன்னிக்கே தொறக்கட்டுமா?" என்று கேட்டாலும் பயமில்லை. தொற கண்ணு என்று விட்டுவிடலாம், உள்ளே ஒன்றும் இருக்காது.

தீப்பெட்டிக்குள் அடங்குகிற தின்பண்டம் நம் ஊரில் ஏராளம். கமர்கட் உருண்டை அளவெடுத்த மாதிரி உட்காரும். இலந்தை வடையை பட்டர் பேப்பரில் மடித்து வைக்கலாம். ஜீரக மிட்டாய் ஒரு பெட்டிக்குள் எண்ண முடியாத அளவு கொள்ளும், கலர் கலராக இருப்பதால் திறந்ததும் ஒரு கூச்சல் நிச்சயம். தேன் மிட்டாய் மட்டும் வேண்டாம், பாகு ஒழுகி அடுத்த நாள் பெட்டி வரை ஒட்டிக்கொள்ளும். எப்படியும் மூன்று நாளுக்கு ஒரு முறைக்கு மேல் இனிப்பு வைப்பதில்லை என்பது என் மகளின் சட்டம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இனிப்பில்லாத பெட்டிகளில் பேத்தியை ரொம்ப நேரம் பிடித்து வைத்த பொருள் ஒரு பழைய 20 பைசா. ஆறு பக்கம் கொண்ட அலுமினியக் காசு. கையில் வைத்தால் இருப்பதே தெரியாத அந்த எடையை நம்பாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இதுல என்ன வாங்குவீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள், நம்பவில்லை. மால்கோ ஆலையில் அலுமினியம் உருக்கிய ஊர் இது, அந்தக் கதையையும் அன்றைக்கே சொல்ல முடிந்தது. டிசம்பர் 12ஆம் தேதி பெட்டியில் சதுரங்கச் சிப்பாய் ஒன்று. 2024இல் அன்றைக்குத்தான் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். 22ஆம் தேதி ஒரு சீட்டில் 1729 என்று மட்டும் எழுதி வைத்தோம். அது ராமானுஜன் பிறந்த நாள். காவிரியோடு கொஞ்ச தூரம் கீழே போனால் வருகிற ஈரோட்டில் 1887இல் பிறந்தவர். 12ஐ மூன்று தடவை எழுதிப் பெருக்கி ஒன்றைக் கூட்டு, 10ஐயும் 9ஐயும் அப்படியே தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டு என்றேன். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்ததும் என்னை ஏதோ தந்திரக்காரி மாதிரி பார்த்தாள்.

கார்த்திகை தீபம் பல வருஷம் இந்த 24 நாளுக்குள்ளேயே வந்துவிடும். அன்றைய பெட்டியில் பொரி உருண்டை நுழையாது. உடைத்து வைத்தோம்.

டிசம்பரில் ஒரு பெரிய இடைஞ்சல் அரையாண்டுத் தேர்வு. பெட்டி, பெட்டியாக இருந்தாலும் கணக்குப் பரீட்சை கணக்குப் பரீட்சைதான். வாசனை அழிரப்பர், புதுப் பென்சில் என்று சில நாள் ஓட்டினோம். அப்படி ஒரு நாள் என் மருமகன், வைக்க ஒன்றும் இல்லாமல், ஒரு சீட்டில் எழுதி வைத்தார்: "இன்னிக்கு தலைக்குக் குளிக்க வேண்டாம்." அந்தக் காலையில் அந்தப் பிள்ளை போட்ட ஆட்டத்தை எந்த மிட்டாய்க்கும் நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பாதிப் பெட்டி சீட்டுதான். சாமானைவிடக் குழந்தைகள் ஏங்குவது அனுமதிக்கு. நாம் நாள் முழுக்கச் சொல்கிற "வேண்டாம்"களில் ஒன்றை ஒரு நாளைக்கு எடுத்துவிட்டால் போதும், செலவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் தோசை நீயே ஊற்றலாம். அப்பா வண்டியை இன்னிக்கு நீ ஸ்டார்ட் பண்ணலாம். முக்குக் கடைக்குத் தனியாகப் போய்த் தயிர் வாங்கி வரலாம். (நான் பத்தடி பின்னால் போனேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.) இன்றைய அணை நீர்மட்டத்தை நீ சொல்லு, சரியாக இருந்தால் பூங்கா பக்கம் மீன் வறுவல். மேட்டூரில் வளர்கிற பிள்ளைக்கு 120 அடிக்குள் ஊகிப்பது கஷ்டமில்லை. முந்தின நாள் பேப்பரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு புள்ளி குறைத்துச் சொன்னாள், மீன் தின்றாள். அதையும் பொது அறிவு என்றே எடுத்துக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் பெரிய சீட்டு வாய்க்கால் சீட்டு. அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களை ஆகஸ்ட் 1 திறந்து டிசம்பர் 15 அடைப்பது வழக்கம். தண்ணீர் ஓடுகிற மாதமெல்லாம் அந்தப் பக்கம் போகாதே என்று கத்துகிறோம். அடைத்து, தரை தெரிந்த பிறகு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி நடக்கலாம் என்று எழுதி வைத்தோம். நின்ற குட்டையில் துள்ளுகிற பொடி மீனும், எந்தக் கல்யாண வீட்டிலிருந்தோ வந்த எவர்சில்வர் கரண்டியும் பார்த்துவிட்டு வந்தாள். கரண்டி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இந்தச் சீட்டுகளுக்கு ஒரே நிபந்தனை: பெட்டியைத் தண்டனையாக்கக் கூடாது. "மார்க் குறைஞ்சா நாளைக்குப் பெட்டி கிடையாது" என்று சொல்ல என் மகளுக்கே ஒரு நாள் வாய் வந்தது. சம்பந்தியம்மா விடவில்லை. "ஏசு பாலன் மார்க் பாத்தா வர்றார்?" என்று ஒரே போடு.

சம்பந்தியம்மா பங்குக்கு இரண்டு பெட்டி. ஒன்று 12ஆம் தேதி வாக்கில், உள்ளே ராகி. ராத்திரி ஊறவைத்து, தாம்பாளத்தில் மண் பரப்பித் தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் கிறிஸ்துமஸுக்குள் விரல் உயரம் பச்சையாக நிற்கும். குடிலில் ஆடு மாடு மேய்வதற்கு அதுதான் புல். கடையில் விற்கிற பச்சைச் சாயம் போட்ட மரத்தூளை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். தண்ணீர் தெளிக்கிற வேலை பேத்தியுடையது, அதையும் ஒரு பரிசு என்று அவளை நம்ப வைத்திருக்கிறார்.

இன்னொன்று 24ஆம் பெட்டி. அதில் எல்லா வருஷமும் ஒரே சீட்டு: "இன்னிக்கு ராத்திரி முழிச்சிருக்கலாம், நள்ளிரவுப் பூசைக்கு நீயும் வரலாம்." போன வருஷம் புதுக் கவுன் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கே கோயிலில் முன்வரிசை பிடித்து, பாட்டுக்காரர்கள் தொண்டையைச் செருமுவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள். காலையில் ஒரே அழுகை, பெட்டியை வீணாக்கிவிட்டோம் என்று. இந்த வருஷம் அதே பெட்டிக்குள் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லி இன்னொரு சீட்டு வைப்பதாக இருக்கிறோம். அதை அவள் பரிசாக ஒத்துக்கொள்வாளா என்பதில் சம்பந்தியம்மாவுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை.