காற்று வீசும் ஊருக்கும் ஒரு பங்கு வேண்டும்

கோவை, திருப்பூர் மாவட்டப் பெருமக்களுக்கு,

கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம், மைவாடிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களும், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களும், மில் வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். நம் பகுதியில் வயதான காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை நிறுத்தும் காலம் வந்துவிட்டது. அப்படி வரும் புதிய காற்றாலைகளில் உள்ளூர்ப் பஞ்சாயத்துகளும் பங்குதாரர் ஆகவேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மேற்கே பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விடுகிறது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று அந்த வாசலில் நெருக்கிப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை அடித்துத் தள்ளுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆடி மாதத்தின் அருமை அதில்தான் இருக்கிறது.

இந்தக் காற்றின் விலையை முதலில் கண்டுகொண்டவர்கள் நூற்பாலைக்காரர்கள். 1990-களில் போட்ட முதலுக்கு முதல் ஆண்டிலேயே நூறு சதவீதத் தேய்மானக் கழிவு கிடைத்தது. அதனால் காற்றைப் பார்த்து நட்டவர்களும் உண்டு, வரியைப் பார்த்து நட்டவர்களும் உண்டு. எப்படியோ மில்கள் பிழைத்தன. ஆடியில் மின்வாரியத்திடம் வரவு வைத்த யூனிட்டைத் தையில் எடுத்துக் கதிர் ஓட்ட முடிந்தது. 2012-ல் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் தறிகள் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களிலும் காற்றுப் பருவம் வந்தால்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

அன்று நட்டவை பெரும்பாலும் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள், கோபுரம் முப்பது மீட்டர் அளவு. இன்றைய இயந்திரம் நூறு மீட்டருக்கு மேல் எழும்பி, ஒன்றே 3 மெகாவாட்டும் அதற்கு மேலும் கொடுக்கிறது. முதலில் நட்டவர்கள் நல்ல காற்றுள்ள இடங்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆக, காற்று மிக நன்றாக வீசும் இடங்களில்தான் மிகப் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. காற்றாலைத் திறனில் நெடுங்காலம் நாட்டில் முதலாவதாக இருந்த தமிழ்நாட்டை 2023-ல் குஜராத் முந்தியது. இருபது ஆண்டு கடந்தவற்றைப் புதுப்பிக்க 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. கட்டணம் எவ்வளவு, வரவு வைக்கும் வசதி என்னாகும் என்ற தயக்கம் உரிமையாளர்களிடம் இருக்கிறது. அந்தக் கவலை அவர்களுடையது. எங்களுடையது வேறு.

ஒரு பஞ்சாயத்தும் காற்றாலை வைக்க முடியும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறைப் பஞ்சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் கரண்ட் பில் அந்த ஊரை அழுத்தியது. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் மரத்துண்டுகளை எரித்து வாயுவாக்கி மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு 2006-ல், ஒரு பஞ்சாயத்து செய்யத் துணியாத வேலையைச் செய்தார்கள். சொந்தச் சேமிப்பு 40 லட்சம், வங்கிக் கடன் 1.15 கோடி, ஆக 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். வாங்கி நட்டது ஓடந்துறையில் அல்ல. அங்கே அந்த அளவுக் காற்று கிடையாது. அன்றைய கோவை மாவட்டத்தின் மறு கோடியில், நம் மைவாடியில் நட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊர்த் தேவை ஏறக்குறைய 4.5 லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்குப் போய் வருமானமாகத் திரும்பியது.

பவானிக்கரை ஊரான ஓடந்துறை நம் காற்றில் சம்பாதித்தது. வாழ்த்துவோம். ஆனால் அந்த இறக்கையின் நிழலிலேயே இருக்கும் நம் பஞ்சாயத்துகளில் எத்தனை இன்னும் முழு பில் கட்டுகின்றன?

வீட்டு மாடியிலேயே சின்னக் காத்தாடி வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டவுனுக்குள் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சுற்றுக் கட்டடங்களில் மோதிக் கலைந்த காற்றில் பைசா தேறாது. மாடிக்குச் சூரியத் தகடு போதும், அதற்கு மானியமும் உண்டு. காற்று கூட்டாக வாங்க வேண்டிய சரக்கு.

மில் உரிமையாளர்களே, ஒரு பெரிய இயந்திரத்துக்கு இடைவெளி விட, நாலைந்து பேருடைய பழைய இயந்திரங்கள் அகல வேண்டியிருக்கும். நீங்கள் கூடிப் பேசும்போது பக்கத்துப் பஞ்சாயத்தையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை, பங்குக்குப் பணம் போட்டே கேட்கிறோம். தோட்டக்காரர்களே, வண்டித்தடத்துக்கும் கம்பி போகவும் இடம் கொடுக்குமுன் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். வீட்டுக்கும் கோபுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். சத்தத்தின் தொல்லை பிறகுதான் தெரியவரும்.

சிறு பஞ்சாயத்துகள் தனியாக இறங்க வேண்டாம். கடன் என்றால் கட்டியாக வேண்டும், காற்று ஏமாற்றும் வருஷமும் வரும், கியர்பாக்ஸ் போனால் பெருஞ்செலவு. நாலு ஊர் சேர்ந்து, அரசின் அனுமதியோடு செய்வதே பத்திரம்.

அடுத்த கிராமசபைக்கு வரும்போது உங்கள் ஊராட்சி தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் சென்ற ஆண்டு கட்டிய மின்கட்டணக் கணக்கைக் கேளுங்கள். கணக்கு கையில் வந்ததும், புதிய காற்றாலையில் பங்கு கோரும் தீர்மானத்தை முன்மொழியுங்கள்.

இப்படிக்கு,
காற்று வழி ஊர்க்காரர்கள்