யாரைக் கேட்டுப் பொருத்தினீர்கள்?

நியூயோர்க் மாநகரின் மான்ஹட்டன் வீதிகளிலே நின்ற தொலைபேசிக் கூண்டுகளுள் ஏறத்தாழ 500 கூண்டுகளில் சின்னஞ்சிறு வானொலிக் கருவிகள் ஒளிந்திருக்கின்றன என்ற செய்தி 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளியாயிற்று. அவற்றைப் பொருத்தியது, அக்கூண்டுகளில் விளம்பரம் வைக்கும் உரிமை பெற்றிருந்த டைட்டன் என்னும் நிறுவனம். கருவிகளைச் செய்தளித்தது கிம்பல் என்னும் நிறுவனம். மாநகர நிர்வாகத்தின் தகவல் தொழில்நுட்பத் திணைக்களம் இதற்கு இணங்கியிருந்தது. ஆனால் நாள்தோறும் அக்கூண்டுகளைக் கடந்து நடந்த குடிமக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுவாரில்லை. பொது விசாரணை இல்லை. பகிரங்க அறிவித்தல் இல்லை. பராமரிப்புத் தேவைக்கான பரீட்சை என்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. பஸ்பீட் செய்தித்தளம் விடயத்தை அம்பலமாக்கிய சில மணி நேரத்துக்குள்ளாகவே, கருவிகளைக் கழற்றுமாறு மாநகர நிர்வாகம் பணித்தது. ஒளிவு மறைவற்ற காரியமாயின் இத்துணை விரைவு எதற்கு?

புளூடூத் பீக்கன் எனப்படும் இக்கருவியை அறியாதார்க்குச் சிறிது விளக்குதல் கடன். வானத்துச் செய்மதிகளைக் கொண்டு இடமறியும் முறை கட்டடங்களுக்குள்ளே தடுமாறுகின்றது. கூரையும் சுவரும் அந்த மெல்லிய சமிக்ஞையை மறித்துவிடுகின்றன. அக்குறையை நீக்க வந்ததே பீக்கன். 2013இல் அப்பிள் நிறுவனம் தனது ஐபீக்கன் முறையை அறிவித்த பின்னர் இது கடைகளுக்குள் வேகமாகப் புகுந்தது. நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலத்தில் மாதக்கணக்காக உயிர்வாழும் இக்கருவி, தன் அடையாள இலக்கத்தை ஓயாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அவ்வளவே அதன் வேலை. அதனைக் கேட்கும் கைத்தொலைபேசி, சமிக்ஞையின் வலுவைக் கொண்டு தூரத்தை மதிப்பிடும். குறுக்கே ஒரு மனிதர் நின்றாலே மதிப்பீடு பிழைக்கும். மனித உடலிலுள்ள நீர் அந்த அலையை உறிஞ்சிவிடும். எனவே அங்குல அளவுத் துல்லியத்தை இதனிடம் எதிர்பார்த்தல் வீண்.

“வெளிச்சவீடு கப்பலைப் பார்ப்பதுண்டா? அதுபோலவே பீக்கனும் எவரையும் பார்ப்பதில்லை, எதையும் பதிவதில்லை” என்பார் இதன் வக்கீல்கள். கருவியைப் பொறுத்தவரை அது மெய்தான். ஆனால் கப்பலின் மேற்றட்டிலே வேற்றாளின் கணக்கப்பிள்ளை ஒருவன் குறிப்பேடும் கையுமாக அமர்ந்திருந்தால்? நமது தொலைபேசியிலுள்ள செயலியே அந்தக் கணக்கப்பிள்ளை. இன்ன இலக்கமுடைய பீக்கனை இன்ன மணிக்குக் கேட்டேன் என்று அது தன் எசமானுக்கு எழுதியனுப்ப வல்லது. செயலியை ஆக்கியவர் ஒருவர். அதனுள்ளே விளம்பர நிறுவனத்தின் நிரற்றுண்டைச் செருகியவர் இன்னொருவர். எந்தக் கடையில், எந்த அலுமாரியின் முன்னே, எத்தனை நிமிடம் நின்றோம் என்பது இவ்வாறு விலைப்பொருளாகின்றது. சந்தை வாசலில் நின்று கூவும் வியாபாரியை நாம் கண்ணாற் காண்கிறோம். வேண்டாமெனில் விலகி நடக்கிறோம். சுவருக்குள்ளிருந்து கூவுபவனை விட்டு எங்ஙனம் விலகுவது?

இதனாற் கருவியையே உடைத்தெறிவோம் என்று நாம் கூறவில்லை. இலண்டன் பிம்லிக்கோ சுரங்க ரயில் நிலையத்தில் விழிப்புலன் இழந்தோர்க்கு அடுத்த திருப்பத்தையும் படிக்கட்டையும் செவிவழி அறிவிப்பதற்கு இதே பீக்கன்களை வைத்துப் பரீட்சித்தார்கள். பிறர் கைபற்றாது ஒருவர் தாமே ரயிலேறிச் செல்ல உதவும் பொருளைத் தூற்றுதல் மடமை. கட்விக் விமான நிலையம் 2017இல் ஏறத்தாழ 2,000 பீக்கன்களை நிறுவியபோது, அதனைப் பகிரங்கமாக அறிவித்தது. பயணிகளின் தனிப்பட்ட விவரங்களைத் திரட்டமாட்டோம் என்றும் கூறிற்று. நியூயோர்க் கூண்டிலிருந்ததும் இதே இனக் கருவிதான்.

இடமறிந்து அறிவித்தல் அனுப்பும் வியாபாரம் என்னவாயிற்று என்பதையும் நோக்குக. அண்மையிலுள்ள பீக்கன்களைக் கொண்டு அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு அறிவித்தல் காட்டும் வசதியைக் கூகிள் நிறுவனமே 2018 டிசெம்பரில் நிறுத்திக்கொண்டது. இடத்துக்குப் பொருந்தாத குப்பை அறிவித்தல்கள் பெருகிவிட்டன என்பதே அந்நிறுவனம் சொன்ன காரணம். பேராசை தன் கடையைத் தானே மூடிக்கொண்டது!

அரசுகளின் கையில் இது என்னவாகும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில், ஒருவர்க்கொருவர் அருகிலிருந்ததைப் புளூடூத் மூலம் குறித்துவைக்கும் டிரேஸ்டுகெதர் செயலி அங்கே வந்தது. தொற்றுத் தொடர்பை அறிவதற்கு மட்டுமே அது பயன்படும் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. 2021 ஜனவரியிலோ, குற்ற விசாரணைக்குப் பொலிசாரும் அவ்விவரங்களைப் பெறலாம் என்பது பாராளுமன்றத்தில் வெளிப்பட்டது. மக்கள் மனம் கசந்தபின், பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பிட்டுப் பெப்ரவரியில் சட்டம் இயற்றினார்கள். முதல் நாளே இயற்றியிருக்க வேண்டிய சட்டம்!

நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. பொதுமக்களின் வீதியிலோ நிலையத்திலோ வைத்தியசாலையிலோ பீக்கன் வைப்பவர், வைக்குமுன் மன்றிலே வந்து சொல்லட்டும். எத்தனை, எங்கே, எந்தச் செயலி கேட்கும், விவரம் யாரிடம் போகும், எத்தனை நாள் தங்கும் என்பவற்றை எழுதி ஒட்டட்டும். மறுப்பவருக்கு அதனால் எந்தச் சேவையும் குறையாதிருக்கட்டும். தொலைபேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டாற் போயிற்று என்று சமாதானம் கூறுவோருக்கு ஒரு வார்த்தை: அணைக்க வேண்டுமென்று தெரிவதற்கு, அங்கே கருவி இருப்பது முதலிற் தெரிய வேண்டுமல்லவா? மான்ஹட்டனின் அந்த 500 கூண்டுகளில் விளம்பரங்களுக்கு இடமிருந்தது. இந்த ஒரு வரி அறிவித்தலுக்குத்தான் இடமிருக்கவில்லை.