ஒரு மார்க் கேள்விக்குள் புதைந்த தூதர்

"இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் யார்?" பொது அறிவுப் புத்தகங்களில் இது ஒரு மார்க் கேள்வி. விடை: சி.பி. முத்தம்மா. டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அரசாங்கத்துக்கும் அதுதான் வசதி. "முதல் பெண்" என்ற அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்.. அரசாங்கத்தின் மானக்கேடு வெளியே வரும்!

குடகில் 1924-இல் பிறந்த முத்தம்மா, சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1948-இல் யு.பி.எஸ்.சி. தேர்வில் வென்றார். வாழ்த்திய கையோடு இன்னொன்றும் செய்தார்கள். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை ராஜினாமா செய்துவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

"அது அந்தக் காலம்" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எந்தக் காலம்? அரசு வேலையில் ஆண், பெண் பேதம் கூடாது என்று 1950-லேயே அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. அதற்கு 11 வருஷம் கழித்து, 1961-இல்தான் வெளியுறவுப் பணிக்கான அந்த விதிகளை எழுதினார்கள். பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் கேட்க உரிமையே கிடையாது. பழைய பழக்கம் தொடர்ந்தது என்றும் தட்டிக்கழிக்க முடியாது. சட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய விதிகள் இவை.

ஆண் அதிகாரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவருடைய மனைவி தூதரக விருந்துகளில் சம்பளமில்லாமல் உபசரிப்பார், அது அரசுக்கு லாபம். ஆணுக்குக் குடும்பம் பலமாம், பெண்ணுக்கு மட்டும் பாரமாம்!

1970-இல் முத்தம்மா ஹங்கேரிக்குத் தூதரானார். விஜயலட்சுமி பண்டிட் 1947-லேயே தூதராக மாஸ்கோ போனவர்தான், ஆனால் அது அரசியல் நியமனம். பரீட்சை எழுதி, படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் பெண் முத்தம்மாதான். பிறகு கானாவுக்கும் தூதராகப் போனார். இத்தனைக்கும் பிறகு, முதல் கிரேடு பதவி உயர்வுக்குத் தகுதி போதாது என்று ஒதுக்கினார்கள்.

அவர் முடங்கவில்லை. பணியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வழக்கு நடக்கும்போதே சில மாதங்களில் அவருக்குத் "தகுதி" வந்துவிட்டது! பதவி உயர்வும் கிடைத்தது, நெதர்லாந்தில் தூதர் பதவியும் கிடைத்தது. கல்யாணமான பெண்ணுக்கு உரிமை இல்லை என்ற விதியை 1973-லேயே நீக்கிவிட்டோம், அனுமதி வாங்கும் விதியையும் நீக்கப்போகிறோம் என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. குறை தீர்ந்துவிட்டதால் 1979-இல் வழக்கு தள்ளுபடி.

ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் சும்மா விடவில்லை. பெண்ணின் கல்யாணத்தால் அரசுக்கு ஆபத்து என்றால் ஆணின் கல்யாணத்தாலும் அதே ஆபத்துதானே என்று கேட்டார். யாராவது வழக்குப் போடட்டும் என்று காத்திருக்காமல் எல்லாப் பணி விதிகளிலும் உள்ள பாரபட்சத்தைக் களையச் சொன்னார். முத்தம்மா இழந்த சீனியாரிட்டியை மறுபரிசீலனை செய்யவும் உத்தரவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். உலக நாடுகளிடம் இந்தியாவுக்காக வாதாடிய தூதர், தனக்காக இந்தியாவை எதிர்த்தே வாதாட வேண்டியிருந்தது. அவர் 1982-இல் ஓய்வு பெற்றார், 2009-இல் இறந்தார். ஒரு பெண் வெளியுறவுச் செயலர் ஆக 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோகிலா ஐயர். அவரும் ஒரு மார்க் கேள்வி ஆகிவிட்டார்!

"முதல் பெண்" என்று கொண்டாடுகிறவர்கள், அதுவரை கதவைப் பூட்டி வைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பொது அறிவுப் புத்தகம் போடுகிறவர்கள் அடுத்த பதிப்பில் கேள்வியை மாற்றட்டும்: "சி.பி. முத்தம்மா எதற்காக உச்ச நீதிமன்றம் போனார்?"

இதற்கு ஐந்து மார்க்காவது கொடுக்க வேண்டும்.